நாய்க்கு ஓநாய் அப்பனா, பங்காளியா? (99.9% கதை)

தயிர்சாதம்_டைகர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ரெண்டு வயசு நாட்டு நாய், பேரு டைகர். குட்டியா வந்ததுல இருந்து மதியம் தயிர்சாதம், ராத்திரி சோறும் முட்டையும், ஞாயித்துக்கிழமை கோழி. போன வாரம் கழுத்துப்பட்டை வாங்கப் போன கடையில ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். "சார், நாயும் ஓநாயும் 99.9 சதவீதம் ஒரே டிஎன்ஏ. ஓநாய் எங்கயாவது சோறு திங்குமா? பச்சைக் கறி போடுங்க. நீங்க சாப்பிட்ட பிறகுதான் அவனுக்குப் போடணும், வாசல்ல நீங்கதான் முதல்ல போகணும், அப்பதான் உங்களை ஆல்ஃபானு, அதாவது கூட்டத் தலைவன்னு, ஒத்துக்குவான்"னு ஒரே வகுப்பு. பட்டை வாங்கப் போனவன் ரெண்டு கிலோ உறைஞ்ச கறியோட வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அந்தப் பொட்டலத்தைப் பார்த்துட்டு, "இந்த வீட்ல இதுவரைக்கும் வளர்ந்த நாயெல்லாம் என்ன, பட்டினி கிடந்தா செத்துச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

அந்த 99.9 நிஜமா? நிஜம்னா அதுல இருந்து பச்சைக் கறியும் ஆல்ஃபாவும் தானா வந்துடுமா?

கறிக்கடை_கண்ணன்

கடைக்காரர் சொன்னது சரிதான். நாயோட அறிவியல் பேரே கேனிஸ் லூபஸ் ஃபெமிலியாரிஸ். அதாவது ஓநாயோட துணையினம். ரெண்டையும் சேர்த்தா குட்டி போடும், அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? என் ராட்வைலருக்கு மூணு வருஷமா பச்சைக் கறிதான். ரோமம் பளபளன்னு இருக்கு.

குரோமோசோம்_குப்புசாமி

கண்ணன், பேரை வெச்சு முடிவுக்கு வராதீங்க. லின்னேயஸ் 1758-ல நாய்க்கு ஒரு பேர், ஓநாய்க்கு ஒரு பேர்னு தனித்தனியாத்தான் வெச்சார். உலகப் பாலூட்டிகளுக்கான பெரிய பட்டியலோட 2005 பதிப்புல நாயைக் கொண்டுபோய் ஓநாய்க்குக் கீழ சேர்த்தாங்க. 2019-ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னோட நாய்க்குடும்ப வல்லுநர் குழு நடத்துன பட்டறையில நாயைத் தனி இனமாவே எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. பேர் வெக்கிறது நம்ம வசதிக்கு, அது ரத்தச் சோதனை கிடையாது.

இப்ப 99.9. இதோட பூர்வீகம் எனக்குத் தெரிஞ்சவரை 1993-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ராபர்ட் வேய்ன் எழுதுன ஒரு கட்டுரை. நாய்க்கும் ஓநாய்க்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுல (செல்லுக்குச் சக்தி தர்ற உறுப்புக்குள்ள இருக்கிற, அம்மா வழியா மட்டும் வர்ற சின்ன டிஎன்ஏ) அதிகபட்சம் 0.2 சதவீதம் வித்தியாசம், ஓநாய்க்கும் அமெரிக்காவுல இருக்கிற, ஓநாய்க்குச் சொந்தமான கயோட்டிக்கும் சுமார் 4 சதவீதம்னு அதுல வருது. அந்த 0.2 ஊர் ஊரா சுத்தி 99.8 ஆகி, கடைக்கு வர்றப்ப 99.9 ஆயிடுச்சு. நடுவுல "மைட்டோகாண்ட்ரியா"ங்கிற சொல் எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மொத்தமே பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து. நாயோட முழு மரபணுத் தொகுதி சுமார் 240 கோடி எழுத்து. கடலோரத்துல ஒரு சிப்பி பொறுக்குன கணக்கு.

முழுத் தொகுதியை 2005-ல டாஷாங்கிற பெண் பாக்ஸர் நாய்கிட்ட இருந்து படிச்சு வெளியிட்டாங்க. அதோட ஒப்பிட்டப்ப மத்த நாய் இனங்கள்ல சுமார் 900 எழுத்துக்கு ஒண்ணு மாறி இருந்துச்சு. ஓநாயில சுமார் 580-க்கு ஒண்ணு, கயோட்டியில சுமார் 420-க்கு ஒண்ணு. இதைச் சதவீதமா மாத்திப் பாருங்க. ஓநாய் 99.83, கயோட்டி 99.76. அந்தக் கடைக்காரர் கணக்குப்படி நாய் கயோட்டியும்தான்.

ஓய்வு_வாத்தியார்

குப்புசாமி தம்பி, அருமை. மனிதனுக்கும் மனிதனுக்குமே 99.9 என்றுதான் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரர் எனக்கு அண்ணனா தம்பியா என்று சொல்ல முடியாது. சதவீதம் தூரத்தைக் காட்டும், உறவு முறையைக் காட்டாது. உறவு முறை தெரிய வம்சாவளி மரம் வேண்டும். அந்த மரத்தை யாராவது போட்டுக் காட்டுங்களேன்.

மரபணு_மல்லிகா

ஐயா கேட்டதால் எழுதுகிறேன். நான் காட்டுயிர் மாதிரிகளில் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன்.

முதலில், ஏன் ஆரம்பத்தில் எல்லோரும் மைட்டோகாண்ட்ரியாவையே பிடித்துக்கொண்டார்கள்? கிடைப்பது அதுதான். ஓநாயைப் பிடித்து ஊசி போட்டு ரத்தம் எடுக்க யாருக்கும் அனுமதி எளிதில் கிடைக்காது. எச்சம்தான் கிடைக்கும். வெயிலில் வெளுத்து, முயல் ரோமமும் எலும்புத் துணுக்கும் துருத்திக்கொண்டிருக்கும் எச்சத்தின் மேல்தோலைத்தான் சுரண்டுவோம், உள்ளே கை வைக்க மாட்டோம். குடலின் உட்சுவர் செல்கள் மேலேதான் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அது தின்ற முயல். ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டே பிரதி, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில். பாதி சிதைந்த மாதிரியிலும் ஏதாவது ஒன்று மிஞ்சும். ஆனால் அது தாய்வழிக் கதையை மட்டும்தான் சொல்லும். ஆண் ஓநாய் பெண் நாயோடு சேர்ந்து பிறந்த குட்டி, அந்தச் சோதனையில் சுத்தமான நாய்.

இப்போது மரம். 2014-இல் ஒரு குழு குரோஷியா, இஸ்ரேல், சீனா ஆகிய மூன்று இடங்களின் ஓநாய்களையும், ஆப்பிரிக்க பசென்ஜி, ஆஸ்திரேலிய டிங்கோ நாய்களையும், ஒரு பொன்னரியையும் (நாம் நரி என்று சொல்வது) முழுத் தொகுதி அளவில் படித்தது. இந்த மூன்றில் எந்த ஓநாய் நாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. நாய்கள் எல்லாம் ஒரு கிளை, ஓநாய்கள் எல்லாம் இன்னொரு கிளை. இரண்டும் பிரிந்த இடத்தில் இருந்த ஓநாய்க் கூட்டம் இன்று உலகில் எங்குமே இல்லை.

அதனால் தலைப்புக்கு என் பதில்: பங்காளி. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று காட்டில் இருக்கும் ஓநாய் நாயின் அப்பா இல்லை.

கறிக்கடை_கண்ணன்

மேடம், தாத்தா ஓநாய்தானே? செத்துட்டா ஓநாய் இல்லைன்னு ஆயிடுமா? வார்த்தையில விளையாடுறீங்க.

மரபணு_மல்லிகா

நல்ல கேள்வி கண்ணன். தாத்தா ஓநாய்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிந்த பிறகு இரண்டு வீடும் மாறியிருக்கிறது. இன்றைய ஓநாய் பழைய தாத்தாவின் புகைப்படம் இல்லை. மனிதனுக்குப் பயந்து, வேட்டைக்குத் தப்பி மிஞ்சிய ஓநாய்களின் வாரிசு அது. அதைப் பார்த்து "நாயின் இயல்பு இதுதான்" என்று சொன்னால், பங்காளி வீட்டுச் சமையலை வைத்து நம் வீட்டு ருசியைச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, நம் பக்கத்து விஷயம். 2004-இல் தீபகற்ப இந்தியாவின் சமவெளி ஓநாய்கள் 45-ஐ எடுத்துத் தாய்வழி டிஎன்ஏ பார்த்தார்கள். மொத்தம் நாலே வகைதான் இருந்தது. அந்த நாலும், உலகத்து நாய்களும் அதுவரை பார்த்திருந்த மற்ற ஓநாய்களும் கலந்து கிடக்கும் பெரிய கிளைக்கு வெளியே, தனிக் கிளையாக நின்றன. இமயமலை ஓநாய் அதற்கும் வெளியே. தாய்வழியில் பார்த்தால் சிப்பிப்பாறை நாய்க்குத் தக்காணத்து ஓநாயைவிட ஐரோப்பிய ஓநாய் நெருக்கம். 2021-இல் முழுத் தொகுதியை வைத்துப் பார்த்தபோதும் இந்திய ஓநாய் உலகின் மிகப் பழைய ஓநாய்க் கிளைகளில் ஒன்று என்றே வந்தது. புலிக்குச் செய்யும் செலவில் நூற்றில் ஒரு பங்கு இதற்கு யாராவது செய்தால் நன்றாக இருக்கும். சரி, அது வேறு இழை.

தயிர்சாதம்_டைகர்

தலை சுத்துது, ஆனா நல்லா இருக்கு. இது எப்ப நடந்துச்சு, எங்க நடந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?

குரோமோசோம்_குப்புசாமி

இதுல முப்பது வருஷமா சண்டை. 1997-ல வேய்னும் கூட்டாளிகளும் ஒரு லட்சம் வருஷத்துக்கு மேலன்னு சொன்னாங்க. 2002-ல ஸ்வீடன் குழு 654 நாய்களோட தாய்வழி டிஎன்ஏ பார்த்துட்டு, கிழக்காசியா, சுமார் 15,000 வருஷம்னு சொல்லுச்சு. 2013-ல பழைய எலும்புகளைப் பார்த்தவங்க, இல்லை ஐரோப்பா, 18,800-ல இருந்து 32,100 வருஷத்துக்குள்ளன்னு சொன்னாங்க. 2016-ல அயர்லாந்து நியூகிரேஞ்ச்ல கிடைச்ச 4,800 வருஷத்து நாயோட காதெலும்பைப் படிச்சுட்டு, ரெண்டு இடத்துல தனித்தனியா நடந்திருக்கலாம்னு சொன்னாங்க.

எனக்கு இதுல பிடிச்சது 2022-ல லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்து பெர்க்ஸ்ட்ரோம், ஸ்கொக்லுண்ட் குழு செஞ்ச வேலை. இருக்கிற நாயைப் பார்த்து ஊகிக்காம, செத்துப்போன ஓநாய்களைத் தேடிப் போனாங்க. கடந்த ஒரு லட்சம் வருஷத்துல வாழ்ந்த 72 ஓநாய்கள். நாய்க்கு ரொம்ப நெருக்கமா வந்தது சைபீரியா பக்கம், கிழக்கு யூரேசியாவோட பழைய ஓநாய்கள். ஆனா அதுல எதுவும் நேரடி மூதாதை இல்லை. மேற்காசிய, ஆப்பிரிக்க நாய்கள்ல மட்டும் பாதி வரைக்கும் இன்னொரு மூலம் கலந்திருக்கு, அது தென்மேற்கு யூரேசிய ஓநாய்ப் பக்கத்துது.

அந்த 72-ல டோகோரும் உண்டு. 2018-ல சைபீரியாவோட யாகூட்ஸ்கிலிருந்து வடகிழக்கே இண்டிகிர்கா ஆத்துப் பக்கம் உறைமண்ணுல கிடைச்ச 18,000 வருஷத்துக் குட்டி. மீசை, இமை முடி, பால்பல்லு எல்லாம் அப்படியே. நேத்து செத்த மாதிரி இருக்கும் படத்துல. நாயா ஓநாயான்னு ரொம்ப நாள் முடிவு தெரியாம, நாய்-ஓநாய் பிரியுற இடமே இதுதானோன்னு பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. கடைசியில ஓநாய்னு வந்துடுச்சு.

எந்த ஊர்ல நடந்துச்சுன்னு இன்னொரு ஆய்வு வந்து மாத்தும், அதுல எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒண்ணு மட்டும் உறுதி: விவசாயத்துக்கு முன்னாடி நடந்துச்சு. 11,000 வருஷத்துக்கு முன்னாடியே நாய்கள்ல குறைஞ்சது அஞ்சு தனிக் கிளை இருந்ததை 2020 ஆய்வு காட்டிடுச்சு. நெல்லு, ஆடு, மாடு எதுவும் அப்ப நம்மகூட இல்லை. நாய் இருந்துச்சு.

மாட்டாஸ்பத்திரி

இப்பதான் இழையைப் பார்த்தேன். கால்நடை மருத்துவன் நான். குப்புசாமி சொன்ன வரிசையில பான்-ஓபர்காசல் நாயை விட்டுட்டாரே. ஜெர்மனியில 1914-ல தோண்டி எடுத்தது; ஒரு ஆணோடயும் பெண்ணோடயும் சேர்த்துப் புதைச்சிருந்த குட்டி, வயசு 14,000 வருஷத்துக்கு மேல. அதோட பல் எனாமல்ல இருக்கிற கோடுகளைப் பார்த்து, சின்ன வயசுல டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோய் வந்து பிழைச்சிருக்குனு 2018-ல எழுதினாங்க. எனக்கு அது பெரிய விஷயம். டிஸ்டெம்பர் வந்த குட்டியை இந்தக் காலத்துல சலைன் போட்டுக் காப்பாத்துறதே பாடு. அப்ப யாரோ வாரக்கணக்குல தண்ணி ஊத்தி, வாந்தி துடைச்சு உட்கார்ந்திருக்காங்க. நோஞ்சான் குட்டியால வேட்டைக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இப்ப சோத்துக்கு வர்றேன். டைகர் அப்பா கவனமா படிங்க.

மாவுச்சத்தை உடைக்கிற அமிலேஸ் நொதியைக் கணையத்துல உண்டாக்குற மரபணு பேரு ஏஎம்ஒய்2பி. ஓநாய்க்கு ரெண்டு பிரதி, அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு. நாய்க்கு நாலுல இருந்து முப்பது வரைக்கும் இருக்குனு 2013-ல ஸ்வீடன் உப்சாலா குழு காட்டுச்சு. அது மட்டும் இல்லை, உடைஞ்ச மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி குடல்ல உறிஞ்சுற மரபணுக்கள்லயும் மாற்றம். மனுஷன் பயிர் வெச்சு, பானையில கூழ் காய்ச்சின பிறகு வாசல்ல கிடந்த நாய்க்கு வந்த மாற்றம். இதுக்குச் சாட்சி டிங்கோ: விவசாயம் பரவாத ஊருக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்ட நாய், அதுக்கு ஓநாய் மாதிரியே ரெண்டு பிரதிதான். ஹஸ்கி மாதிரி பனிப்பிரதேச நாய்களுக்கும் கம்மி.

உங்க டைகர் தலைமுறை தலைமுறையா நெல்லு விளையுற ஊர்ல பிறந்த நாய். அவனுக்குச் சோறு ஜீரணம் ஆகும். அம்மா கேட்டது நியாயம். ஆனா வெறும் தயிர்சாதம் மட்டும் போதாது, புரதம் வேணும். முட்டை, வேக வெச்ச கோழி, கொஞ்சம் ஈரல் சேருங்க. சாம்பார், ரசம் கலந்து போடாதீங்க, வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வேக வெச்ச எலும்பு வேண்டாம், சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் கிழிக்கும்.

பச்சைக் கறி போட்டே ஆகணும்னா, சால்மோனெல்லா நாய்க்கு ஒண்ணும் செய்யாமலேயே அதோட வாய் வழியா வீட்டுக் குழந்தைக்கு வரும்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கண்ணன் சார் ரோமம் பளபளன்னு இருக்குங்கிறார். இருக்கட்டும். அது கொழுப்பு கிடைக்கிறதால.

கறிக்கடை_கண்ணன்

டாக்டர் சார் சொன்னா கேட்டுக்கிறேன், ஆனா நான் கறியை நிறுத்தப் போறதில்லை. ஆல்ஃபா விஷயம் என்ன? அதுவும் பொய்யா?

ஓய்வு_வாத்தியார்

அதற்கு நான் பதில் சொல்கிறேன், இதைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியதுதான் இந்த ஆல்ஃபாவின் தொடக்கம். டேவிட் மெக் 1970-இல் அதைப் புத்தகமாகப் பரப்பினார். பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகாலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். பதவிக்குச் சண்டை போடுகிற கட்சி அலுவலகம் அல்ல. ஓநாய்க்கே பொருந்தாததைப் பங்காளி வீட்டு நாய்மேல் ஏற்றுவானேன்?

நெடுந்தீவான்

வணக்கம் அண்ணாமார். எங்கட இலங்கையில ஓநாயே இல்லை, நரிதான் இருக்கு. இரவில ஊளையிடுற நரி. வன்னிப் பக்கம் சில நாயளைக் காட்டி, இது நரி கலந்தது எண்டு சொல்லுவினம். அப்பிடி நடக்குமோ? நரியிலயிருந்துதான் நாய் வந்தது எண்டும் முந்தி ஒருத்தர் சொன்னவர்.

மரபணு_மல்லிகா

நெடுந்தீவான், நரியிலிருந்து நாய் வந்தது என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. நோபல் பரிசு வாங்கிய கொன்ராட் லோரன்ஸ், பெரும்பாலான நாய்களுக்குப் பொன்னரிதான் மூலம் என்று ஒரு காலத்தில் நம்பினார், பின்னால் கைவிட்டார். டிஎன்ஏ வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை.

கலப்பு நடக்குமா என்றால், நடக்கும். உங்கள் ஊர் நரி பொன்னரிதான். அதற்கும் நாய்க்கும் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் குரோமோசோம் 78. குரோஷியாவில் காட்டிலேயே பிறந்த நாய்-நரிக் கலப்புகளை 2015-இல் டிஎன்ஏ மூலம் உறுதி செய்தார்கள். ரஷ்யாவில் நரியையும் நாயையும் கலந்து உண்டாக்கிய சுலிமோவ் நாய்களை மாஸ்கோ ஷெரமெத்யேவோ விமான நிலையத்தில் மோப்பம் பிடிக்க வைத்திருந்தார்கள். ஆனால் ஐரோப்பாவின் செந்நரிக்கு 34 குரோமோசோம்தான், அது நாயோடு சேராது. வன்னி நாய்களில் யாராவது சோதித்தால்தான் தெரியும். காதும் வாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

கோம்பைக்காரன்

எங்க கோம்பை நாய் செந்நாய்க்குப் பிறந்ததுன்னு எங்க தாத்தா சொல்லுவார். அதையும் சொல்லிடுங்க மேடம்.

மரபணு_மல்லிகா

தாத்தாவுக்கு வணக்கம். செந்நாய் வேறு பேரினம், ஓநாயைவிட நாய்க்கு ரொம்பத் தள்ளி. நிறம் ஒத்துப்போவதால் வந்த பேச்சு அது.

மாட்டாஸ்பத்திரி

இந்த இழையில யாரும் தொடாத ஒண்ணு. தெருநாய்களுக்கு இனப்பெருக்க உறுப்புல காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டுமே, பார்த்திருப்பீங்க. பரவும் பால்வினைக் கட்டி. எங்க ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வரும். வின்கிரிஸ்டின் ஊசி வாரத்துக்கு ஒண்ணு வீதம் சில வாரம் போட்டா பெரும்பாலும் கரைஞ்சுடும்.

இந்தக் கட்டி அந்த நாயோட செல் இல்லை. 2006-ல லண்டன் ஆளுங்க உறுதி பண்ணாங்க: உலகம் முழுக்க இருக்கிற இந்தக் கட்டி எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரே ஒரு நாயோட செல். அந்த நாய் செத்துப்போச்சு, புற்று மட்டும் கூடும்போது ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிக்கிட்டே இருக்கு. குரோமோசோம் 78-க்குப் பதிலா அறுபதுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, சிதைஞ்சு கிடக்கும். 2018-ல பார்த்தப்ப, அந்த மூல நாய்க்கு ரொம்ப நெருங்கின சொந்தம் ஐரோப்பியர் போறதுக்கு முன்னாடி அமெரிக்காவுல இருந்த நாய்கள். அந்த நாய்ங்க கிட்டத்தட்ட அழிஞ்சுபோச்சு. சொந்தக்காரங்க போயிட்டாங்க, கட்டி மட்டும் என் மேசைக்கு வருது.

தயிர்சாதம்_டைகர்

டாக்டர், சாப்பிடுற நேரத்துல படிச்சுட்டேன்!

இன்னொரு கேள்வி. டைகருக்குக் கதவு திறக்க முடியலைன்னா கொஞ்சம் நேரம் பிராண்டிட்டு, திரும்பி என் மூஞ்சியைப் பார்ப்பான். திறக்கிற வரைக்கும் பார்ப்பான். இதுவும் மரபணுவா?

மரபணு_மல்லிகா

புடாபெஸ்ட்டில் 2003-இல் இதையேதான் சோதித்தார்கள். குட்டியிலிருந்து மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்கள் ஒரு பக்கம், நாய்கள் ஒரு பக்கம். கயிற்றை இழுத்தால் கறி வரும் என்று முதலில் பழக்கிவிட்டு, பிறகு கயிற்றை அசையாமல் கட்டிவிட்டார்கள். ஓநாய்கள் விடாமல் இழுத்தன. நாய்கள் கொஞ்சம் இழுத்துவிட்டு மனிதர் முகத்தைப் பார்த்தன.

மரபணு என்று எதைச் சுட்டுவது? 2017-இல் ஒரு ஆய்வு ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணுவைச் சுற்றிய பகுதியைச் சுட்டியது. மனிதரில் அந்தப் பகுதி விடுபட்டால் வில்லியம்ஸ் நோய்க்குறி வரும். அந்தக் குழந்தைகள் அறிமுகமில்லாதவரிடமும் ஒட்டிக்கொள்வார்கள். படிக்கச் சுவாரசியமான ஆய்வு. ஆனால் பார்த்தது 18 நாய், 10 ஓநாய். நான் அதன்மேல் பந்தயம் கட்ட மாட்டேன். 2022-இல் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களைக் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் நாய்களின் டிஎன்ஏவும் பார்த்தபோது, ஒரு நாயின் நடத்தையில் இனம் விளக்கும் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது.

குரோமோசோம்_குப்புசாமி

போக்குவரத்து ஒருவழி இல்லைங்கிறதையும் சேர்த்துக்குவோம். அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல இருக்கிற கருப்பு ஓநாய்கள் படத்தைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கருப்பு நிறம் நாய்கிட்ட இருந்து வாங்கினதுன்னு 2009-ல கண்டுபிடிச்சாங்க. காட்டு மிருகம்னு நாம வியக்கிற அந்தக் கருப்பு, ஏதோ ஒரு காலத்துல வட அமெரிக்காவுக்கு மனுஷனோட போன நாய் கொடுத்தது.

புதுசு_பாபு

இழை நீளம், பாதிதான் படிச்சேன். அவசரமா ஒரு சந்தேகம். ஒருத்தர் ஓநாய்-நாய் கலப்புக் குட்டினு சொல்லி எண்பதாயிரம் கேட்கிறார். சாம்பல் ரோமம், மஞ்சக் கண்ணு, வீடியோ அனுப்பினார். வாங்கலாமா? நிஜமா இருக்குமா?

மாட்டாஸ்பத்திரி

நிஜமா இல்லைன்னா எண்பதாயிரம் போச்சு, ஹஸ்கியும் ஷெப்பர்டும் கலந்த குட்டி கிடைக்கும். நிஜமா இருந்தா இன்னும் மோசம். ஓநாய் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. வனத்துறை வாசலுக்கு வரும்.

மரபணு_மல்லிகா

பாபு, கண்ணையும் ரோமத்தையும் பார்த்து முடிவு செய்ய முடியாது. புனே பக்கத்துப் புல்வெளியில் ஓநாய்க் கூட்டத்தோடு திரிந்த, நிறம் மாறிய சில விலங்குகளை உள்ளூர் ஆர்வலர்கள்தான் முதலில் கவனித்தார்கள். அதைக் கலப்பு என்று உறுதிசெய்ய பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்சிபிஎஸ்) ஆய்வகத்தில் முழுத் தொகுதியைப் படிக்க வேண்டியிருந்தது. 2023-இல் வெளிவந்தது, இந்தியாவில் மரபணு வழியாக உறுதியான முதல் ஓநாய்-நாய்க் கலப்பு அதுதான். ஓநாய் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது சந்தோஷச் செய்தி இல்லை. குப்பைமேடும் தெருநாயும் பெருகப் பெருக, ஏற்கெனவே குறைந்துபோன அந்தப் பழைய கிளை கலந்து கரைந்துவிடும் என்பதுதான் பயம்.

அந்த வீடியோவை வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். நாய் வேண்டும் என்றால் உங்கள் ஊர் காப்பகத்தில் டைகருக்குத் தம்பிகள் நிறைய இருப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

கறிக்கடை_கண்ணன்

பாபு, எண்பதாயிரத்துக்கு ராட்வைலரே வாங்கலாம். நம்பர் வேணுமா?

மட்டுறுத்துநர்

கண்ணன், இங்கே விற்பனைக்கு இடமில்லை. உணவு பற்றிய கேள்விகள் இருந்தால் "வளர்ப்பு" பிரிவில் தனி இழை தொடங்கவும். டைகரின் படத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை, அதை மட்டும் இங்கேயே போடலாம்.